'ரீட்' என்றொரு வினைச்சொல்

பகுதி ஒன்று தமிழ் என்பது எல்லாத் துறை மாணவர்களும் வந்தமரும் வகுப்பு. கணிதமும் வணிகவியலும் ஆங்கிலமும் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். சென்ற பருவத்தில் ஒருநாள் காலம் காட்டும் இடைநிலைகளை நடத்திக்கொண்டிருந்தேன். ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, படித்தேன், படிக்கிறேன், படிப்பேன்னு தமிழ்ல எழுத்தே காலத்தைச் சொல்லிடுது. இங்கிலீஷ்ல 'ரீட்'டும் 'ரெட்'டும் எழுதுனா ஒண்ணுதான். படிக்கிறேனா படிச்சேனான்னு எப்படிய்யா கண்டுபிடிக்கிறது?"

வகுப்பு சிரித்தது. "ஊகிக்க வேண்டியதுதான்" என்றேன். அப்படிச் சொன்ன பிறகு எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. அடுத்த வகுப்பில் விளக்குவதாகச் சொல்லிப் பாடத்துக்குத் திரும்பினேன். விடை தெரியாதபோது ஆசிரியர்கள் கையாளும் வழக்கமான தந்திரம் என்று மாணவர்கள் எண்ணியிருக்கக்கூடும். உண்மையில் அந்த ஒரு சொல்லை ஓராண்டுக்கும் மேலாக நான் துரத்திக்கொண்டிருந்தேன். அதற்கான காரணத்தை வகுப்பில் சொல்ல முடியாது. இங்கே சொல்லலாம் என்று தோன்றுகிறது.

முதலில் அந்தப் பெண்ணின் கேள்வி. பழைய ஆங்கிலத்தில் இவ்வினை 'ரேடன்'. அதன் இறந்தகாலம் 'ரேட்டே'. நடுவில் இரட்டை ஒற்று. இரட்டை ஒற்றின் முன் நின்ற நெடில் காலப்போக்கில் குறுகிற்று. நிகழ்கால வடிவிலோ நெடில் நெடிலாகவே நின்று, பதினைந்தாம் நூற்றாண்டை ஒட்டி ஆங்கில உயிரொலிகள் எல்லாம் இடம்பெயர்ந்த பெருங்குழப்பத்தில் மெல்ல மெல்ல 'ஈ' ஆகிவிட்டது. 'லீட்' என்ற வினை தன் இறந்தகாலத்துக்கு எழுத்தை மாற்றிக்கொண்டது. 'ரீட்' மாற்றிக்கொள்ளவில்லை. ஒலி போன பாதையில் எழுத்து போகவில்லை, அவ்வளவுதான். ஆங்கிலேயர் நாட்டிலேயே 'ரெடிங்' என்று ஒலிக்கும் ஓர் ஊர் உண்டு. ஆஸ்கார் வைல்டு 1895 முதல் 1897 வரை சிறையிருந்த ஊர். அதை நான் முதுகலை முடிக்கும்வரை 'ரீடிங்' சிறை என்றே சொல்லித் திரிந்தேன். கைதிகளுக்குப் புத்தகம் தரும் சிறை போலும் என்றுகூட நினைத்ததுண்டு. அவ்வூர்ப் பெயருக்கும் படிப்புக்கும் தொடர்பே இல்லை.

சொல்லின் ஒலியைவிட அதன் பொருள்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. 'ரேடன்' என்பதற்கு முதற்பொருள் படித்தல் அன்று. அறிவுரை கூறுதல், கலந்தாய்தல், புரியாத ஒன்றை ஊகித்து விடுவித்தல். கனவுக்குப் பொருள் சொல்பவனும், அரசனுக்கு ஆலோசனை சொல்பவனும், விடுகதையை அவிழ்ப்பவனும் செய்தது இந்த ஒரே வினையைத்தான். ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறப்பு இன்றும் 'அறிவுரை கூறு', 'ஊகி' என்ற இரு பொருளிலும் வழங்குகிறது. அங்கே நகர மன்றக் கட்டடத்தை 'ராட்ஹவுஸ்' என்பார்கள்: ஆலோசனை வீடு. விடுகதைக்கு ஜெர்மன் சொல் 'ரேட்ஸல்'. ஆங்கிலத்தின் 'ரிடில்' அதே வேரில் முளைத்தது. பழைய வடிவத்தின் ஈற்றில் ஒரு 'ஸ்' இருந்தது. அதைப் பன்மை விகுதி என்று தவறாக எண்ணி மக்கள் கழித்துவிட்டார்கள்.

இங்கிலாந்தை 978 முதல், இடையில் சிறிது காலம் நீங்கலாக, 1016 வரை ஆண்ட ஏதல்ரெட் என்ற அரசனின் பெயருக்கே 'உயர்ந்த ஆலோசனை' என்று பொருள். டேனியர்களின் படையெடுப்பைத் தடுக்க வகையறியாமல் பணத்தை அள்ளிக் கொடுத்து ஓய்ந்தவன். பின்னால் வந்தவர்கள் அவனுக்கு 'அன்ரேட்' என்று பட்டம் சூட்டினார்கள், ஆலோசனை அற்றவன். உயர்ந்த ஆலோசனையாகிய ஆலோசனையற்றவன்! நம் காளமேகம் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். அந்தப் பழைய சொல் வழக்கொழிந்ததும் பட்டம் 'அன்ரெடி' என்று திரிந்து, 'ஆயத்தமற்ற ஏதல்ரெட்' என்று பள்ளிப் பாடநூல்களில் நிலைத்துவிட்டது.

மற்ற ஐரோப்பிய மொழிகள் படிப்புக்கு வேறு உருவகங்களைக் கொண்டன. லத்தீனின் 'லெகெரே' என்பதற்குப் பொறுக்குதல், சேகரித்தல் என்று பொருள். சிதறிக் கிடக்கும் எழுத்துகளைப் பொறுக்கிச் சேர்த்தால் படிப்பு. ஜெர்மானியரும் இதைப் பின்பற்றித் தம் 'லேசன்' என்ற சொல்லுக்குப் படித்தல் பொருளை ஏற்றினார்கள். திராட்சை அறுவடையை அவர்கள் இன்றும் 'வைன்லேசே' என்கிறார்கள். நான்காம் நூற்றாண்டில் விவிலியத்தைக் கோத்திய மொழிக்குக் கொண்டுவந்த உல்ஃபிலா, ஏசு தொழுகைக்கூடத்தில் ஏட்டைப் படிக்க எழுந்த இடத்தில் 'பாடுதல்' என்று பொருள்படும் சொல்லைப் பெய்திருக்கிறார். நம் 'ஓது' நினைவுக்கு வருகிறது. 'வாசி' என்பதும் இப்படித்தான். பேச்சைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்தது, ஏட்டைப் பேசச் செய்தல். 'படி' வடமொழியா தமிழா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. அந்த வழக்கில் சாட்சி சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஆக, சுற்றியிருந்தவர்கள் பொறுக்கினார்கள், பாடினார்கள், பேச வைத்தார்கள். ஆங்கிலேயர் மட்டும் ஏட்டில் கிடந்த கீறல்களை ஒரு விடுகதையாகப் பார்த்தார்கள். அவர்களின் 'ரைட்' என்ற வினைக்கும் முதற்பொருள் கீறுதல்தான். ஒருவன் கீறுகிறான், மற்றவன் ஊகிக்கிறான். எக்ஸெட்டர் பேராலய நூலகத்தில் பத்தாம் நூற்றாண்டுக் கையெழுத்துச் சுவடி ஒன்று இருக்கிறது. அதில் தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட விடுகதைப் பாடல்கள். ஒன்றில் ஒரு பூச்சி சொற்களைத் தின்கிறது. தின்ற பின்னும் அதற்கு அறிவு கூடவில்லை. விடை, ஏட்டை அரிக்கும் புழு. உ.வே.சா. கண்ட செல்லரித்த சுவடிகளை நினைத்தால் நமக்கு அதில் சிரிப்பு வராது.

ஒரு வேடிக்கை. 'ரீட்' என்பதன் மிகப் பழைய வேரை வடமொழியின் 'ராத்' என்ற வேரோடு இணைப்பார்கள் ஒப்பியல் அறிஞர்கள். நிறைவேற்றுதல், எய்துதல் என்ற பொருள் அதற்கு. 'ஆராதனை' அதிலிருந்து வந்தது. இலக்குத் தவறுவது 'அபராதம்'. புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பித் தந்ததற்காக எங்கள் நூலகர் என்னிடம் வசூலிக்கும் அபராதமும் ஆங்கிலேயரின் படிப்பும் தூரத்துப் பங்காளிகள்!

இனி, அப்பாவுக்கு வருகிறேன்.

அப்பா கும்பகோணத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். இடக்கையில் ஸ்டிக், வலக்கை கேஸில் மேயும். கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். ஒவ்வொரு ஈய எழுத்தின் உடலிலும் ஒரு சிறு வெட்டு உண்டு. விரல் அதைத் தடவித் தலை எது கால் எது என்று அறிந்துகொள்ளும். எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலம் மாறியிருக்கும். வரி தலைகீழாக அடுக்கப்படும். அந்தத் தலைகீழ் வரிகளை நாம் செய்தித்தாள் படிக்கும் வேகத்தில் அவர் படிப்பார். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து ணை, லை, றா எல்லாம் உருமாறியபோது கேஸில் சில அறைகள் காலியானதை வீட்டில் மரணச் செய்திபோலச் சொன்னார் என்று அம்மா சொல்வாள். எழுத்தாளர் விந்தன் கம்பாசிட்டராக இருந்தவர் என்பதில் அவருக்குப் பெருமை அதிகம். தன்னை யாராவது என்ன வேலை என்று கேட்டால் "எழுத்துப் பொறுக்கி" என்பார். லத்தீன்காரன் கேட்டிருந்தால் இதைவிடச் சரியான விடை இல்லை என்றிருப்பான்.

என் கட்டுரைகள் எல்லாவற்றுக்கும் முதல் பிழைதிருத்துநர் அவரே. என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் 412 பிழைகள் கண்டுபிடித்து, கடைசிப் பக்கத்தில் எண்ணிக்கையைச் சிவப்பு மையில் எழுதி வைத்தார். "நீ அர்த்தத்தைப் படிக்கிறே. அர்த்தத்தைப் படிச்சா பிழை தெரியாது. எழுத்தைப் பாரு" என்பது அவர் எனக்கு வாழ்நாள் முழுவதும் சொன்ன ஒரே இலக்கியக் கோட்பாடு.

இரண்டாண்டுகளுக்கு முன் தை மாதத்தில் ஒரு காலை, திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார். "பேப்பர்காரப் பையன் தெலுங்குப் பேப்பரைப் போட்டுட்டுப் போயிருக்கான் பாரு." எடுத்துப் பார்த்தேன். வழக்கமான தமிழ்ப் பத்திரிகை. விளையாடுகிறார் என்று நினைத்தேன். என்னைத் திரும்பிப் பார்த்த முகத்தில் விளையாட்டு இல்லை. பேச்சு தெளிவாக இருந்தது, நடை தடுமாறவில்லை, கை கால் விளங்கின. வலப்பக்கத்துப் பொருள்கள்மட்டும் சரியாகத் தெரியவில்லை என்றார்.

மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் தாளும் பேனாவும் கொடுத்துப் பெயரும் ஊரும் எழுதச் சொன்னார். அப்பா அழகாக எழுதினார். அச்சகத்தின் முகவரியையும் சேர்த்து எழுதினார். சற்று நேரம் வேறு ஏதோ பேசிவிட்டு, அதே தாளைக் காட்டிப் படிக்கச் சொன்னார் மருத்துவர். அப்பா நெடுநேரம் பார்த்தார். "இது யார் எழுதினது?" என்று கேட்டார்.

மூளையின் பின்புறம் இடப்பக்கத்தில் இரத்தக் குழாய் அடைத்திருக்கிறது என்றார்கள். எழுதத் தெரியும், எழுதியதைப் படிக்க முடியாது. இப்படியொரு நிலையை 1892ஆம் ஆண்டிலேயே பாரிஸில் ஜூல் தெஜரீன் என்ற மருத்துவர் தெளிவாக விவரித்திருக்கிறார். கனடா நாட்டுத் துப்பறியும் நாவலாசிரியர் ஹோவர்ட் எங்கல் 2001இல் ஒருநாள் காலை செய்தித்தாளைப் பிரித்தபோது, அது அறியாத அயல்மொழியில் அச்சிடப்பட்டிருப்பதாகத் தோன்றியதாம். ஆலிவர் சாக்ஸ் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார். தெலுங்குப் பேப்பர் எங்கள் திண்ணையில் மட்டும் விழவில்லை என்று அறிந்த இரவில் எனக்குக் கிடைத்த ஆறுதல் விசித்திரமானது.

எழுத்து தோன்றி ஐயாயிரம் ஆண்டுகளே ஆகின்றன, அதற்கெனத் தனி உறுப்பை மூளை வளர்த்துக்கொள்ள அந்தக் காலம் போதாது, பொருள்களையும் முகங்களையும் இனங்காணும் பகுதி ஒன்றை எழுத்துக்காக நாம் கடன் வாங்கியிருக்கிறோம் என்று பிரெஞ்சு அறிவியலாளர் ஸ்தானிஸ்லாஸ் தெஹான் தம் நூலில் சொல்கிறார். கடனைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. ஒரு சந்தேகம் தீர இன்னொன்று எனப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்த அந்த இரவுகளில்தான் 'ரீட்' என்ற சொல்லின் வேரில் வந்து முட்டினேன்.

பிறகு நான் செய்தது எனக்கே பிடிக்காத காரியம். ஒன்றாம் வகுப்புப் பாடநூல் வாங்கிவந்து அவர்முன் விரித்தேன். அணில், ஆடு, இலை. விரலால் சுட்டி, வகுப்பறைக் குரலில் "சொல்லுங்கப்பா" என்றேன். அவர் அணிலின் படத்தைப் பார்த்து "அணில்" என்றார். படத்தை என் கையால் மறைத்தேன். அவர் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். அம்மா என்னிடம் அன்று முழுவதும் பேசவில்லை. இருபதாண்டு ஆசிரியப் பணியில் படிக்கத் திணறிய எத்தனை மாணவர்களின் முன் இப்படிப் படத்தை மறைத்திருக்கிறேன் என்று கணக்கிட முயன்று பாதியில் விட்டுவிட்டேன்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் திண்ணையில் அமர்ந்து பத்திரிகையை விரித்து வைத்துக்கொள்வது நிற்கவில்லை. ஒருநாள் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். தெருவில் போகிறவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று நேராக்கிக் கொடுத்தேன். மறுநாளும் தலைகீழ். அப்போதுதான் உறைத்தது. ஸ்டிக்கில் வரிகள் நிற்கும் வாகில் வைத்துப் பார்க்கிறார். அதனால் பயன் இருந்ததா என்று கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

அச்சகம் மூடப்பட்டபோது எழுத்துகளை எடைக்குப் போட்டார்கள். அப்பா ஒரு பழைய போர்ன்விட்டா டப்பா நிறைய எழுத்துகளைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். பெரும்பாலும் 24 பாயிண்ட் தலைப்பு எழுத்துகள், சீர்திருத்தத்துக்கு முந்தைய கொம்பு முளைத்த 'லை' ஆறேழும் உண்டு. பரணிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தவள் அம்மா. ஏன் எடுத்தாள் என்று சொல்லவில்லை. அப்பா ஒன்றை எடுத்தார். கட்டைவிரல் வெட்டைத் தேடிற்று. ஆட்காட்டி விரல் முகத்தைத் தடவிற்று. கண்ணை மூடிக்கொண்டு "ம" என்றார். அடுத்தது "கு". அடுத்ததைத் தடவிவிட்டு, "இது தேஞ்சு போச்சு. இதை அப்பவே கழிச்சிருக்கணும்" என்றார். ஈயம் கைக்கு ஆகாது என்று என் மனைவி சோப்பும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள்.

அற்புதம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. கண் மறந்ததை விரல் மறக்கவில்லை, அதுதான் நடந்தது. தெஜரீனின் நோயாளியும் எழுத்தின் வடிவைக் கையால் வரைந்து வரைந்து அறிந்தவரே. எங்கல் தம் பல்லின் பின்புறத்தில் நாக்கால் எழுதிப் பார்ப்பாராம். அப்பா தொடையில் எழுதுகிறார். தலைப்புச் செய்தியின் முதல் எழுத்தைப் பார்த்து, அதன் வளைவைத் தொடையில் வரைந்து, "மே" என்கிறார். இன்னொன்று. "மேட்." அங்கே நிறுத்தி முற்றத்தைப் பார்க்கிறார். ஆடி மாதம், ஆற்றில் தண்ணீர் வரவில்லை. "மேட்டூர் அணை நீர்மட்டம்னு போட்டிருப்பான்." பெரும்பாலும் சரியாக இருக்கும். சில நாள் 'மழை'யை 'மலை' என்பார். ஒருமுறை அமைச்சர் ஒருவரை உயிரோடிருக்கும்போதே இரங்கல் செய்தியில் சேர்த்துவிட்டார். அர்த்தத்தைப் படிக்காதே, எழுத்தைப் பார் என்று ஆயுள் முழுதும் சொன்னவர், இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு பருவத்தையும் ஊரையும் நேற்றைய செய்தியையும் கூட்டி அர்த்தத்தை ஊகிக்கிறார். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலேயன் அவர் செய்வதைப் பார்த்தால் தயங்காமல் 'ரேடன்' என்பான்.

அச்சகத்தில் காப்பி ஹோல்டர் என்று ஒருவர் இருப்பார். அவர் கையெழுத்துப் பிரதியை உரக்க வாசிக்க, பிழைதிருத்துநர் புரூஃபைப் பார்த்துக்கொண்டே போவார். இப்போது நான் காப்பி ஹோல்டர். நோய்க்குப் பின் ஓராண்டு நான் எதுவும் எழுதவில்லை. அவர் பார்க்காத ஒன்றை அனுப்புவதற்குக் கை வரவில்லை. ஒருநாள் அவரே, "எழுதறதை நிறுத்திட்டியா?" என்றார். நான் மழுப்பினேன். "என்னால பாக்க முடியலேன்னு நிறுத்தினா அது என் தலையிலதான் விழும். படி, கேக்கறேன்" என்றார். கரைவேட்டி நுனியை முறுக்கியபடி, கண்ணை மூடிக் கேட்கிறார். ஒற்றுப்பிழைகள் அவருக்கு இனிக் கிட்டா. ஆனால் முன்பு ஒருபோதும் சொல்லாத வேறொன்றைச் சொல்கிறார். "அந்த வரியைச் சொன்னப்போ உன் குரல் இறங்கிச்சு. உனக்கே நம்பிக்கையில்லாததை ஏன் எழுதறே?"

நான் பணியில் சேர்ந்தபோது எனக்கு 'லெக்சரர்' என்று பெயர். அடுத்த படி 'ரீடர்'. இரண்டுக்கும் படிப்பவர் என்றே பொருள். 2010ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகளில் அவை நீங்கி, உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர் என்றாயின. ரீடர் ஆக முடியாமலே போயிற்று என்று அப்பாவிடம் ஒருமுறை குறைப்பட்டுக்கொண்டேன். "ஒரு வீட்டுக்கு ஒரு ரீடர் போதும்" என்றார். இது நோய்க்கு முன்பு.

அந்த மாணவிக்கு மறு வகுப்பில் ஒலிமாற்றத்தை மட்டும் கரும்பலகையில் எழுதி விளக்கினேன். திருப்தியாகத் தலையாட்டினாள்.

நேற்றிரவு இக்கட்டுரையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாடநூல் பகுதி வந்தபோது என் குரல் இறங்கியிருக்க வேண்டும். அவர் ஒன்றும் சொல்லவில்லை, மேலே வாசி என்று கைகாட்டினார். முடித்ததும் இரண்டு திருத்தங்கள் சொன்னார். ஆய்வேட்டில் 402 பிழைகள் என்று எழுதியிருந்தேன், 412 என்றார். எழுத்துகள் இருந்தது ஹார்லிக்ஸ் பாட்டில் இல்லை, போர்ன்விட்டா டப்பா என்றார். இரண்டையும் மாற்றிவிட்டேன்.